சம்பந்திக்கு மெஸ் தேடின கதை

கண்ணு,

நேற்று போனில் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து நீ "எப்படிம்மா? என்ன சொன்னாங்க? எங்க சாப்பிட்டாங்க?" என்று விடாமல் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறாய். போனில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீ பாதியில் குறுக்கே பேசுவாய், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அது அப்படி இல்லடி" என்று திருத்துவார், கடைசியில் கதை எங்கேயோ போய் நிற்கும். அதனால்தான் இடுப்பு பிடித்துத் தரச்சொல்லிக் கொடுத்த கம்பெனி யூனிஃபார்ம்களை எல்லாம் தையல் மெஷின் மேலேயே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். கொரியாவில் உன் ட்ரெய்னிங் எல்லாம் முடிந்து ரூமுக்கு வந்தபின் நிதானமாகப் படி. அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாய். கூட வேலை பார்க்கிற பெண், பெயர் முத்துமாரி, கோவில்பட்டிப் பக்கம், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன், அவள் வீட்டிலும் சொல்லியாகிவிட்டது, அவள் அப்பா அம்மா நம் வீட்டைப் பார்க்க வருவார்கள், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நல்ல பிள்ளையடா நீ! வேலையை ஆரம்பித்து வைத்துவிட்டு அயல்நாட்டுக்குப் போய்விட்டாய். அந்தப் பெண்ணின் அப்பா போனில் என்னிடம் பேசினது இவ்வளவுதான்: "ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறோம்மா. பெறவு மத்ததப் பேசுவோம்." சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாய். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாய்.

முத்துமாரியிடம் போனில் மெல்ல விசாரித்தேன். நல்ல பெண், மறைக்காமல் சொன்னாள். அவள் அப்பா கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மூன்று பெண்களைப் படிக்க வைத்தது ஒற்றைச் சம்பளம். "அப்பாவுக்கு ஓட்டல்னாலே ஆகாது அத்தை. வெளியூர் போனா வீட்டுச் சோத்தக் கட்டிட்டுத்தான் போவாரு. யாராச்சும் அவருக்காகச் செலவு பண்ணுனா அன்னைக்கு முழுக்க முகம் சுண்டிப் போயிரும்" என்றாள். அத்தை என்று அவள் சொன்னது எனக்கு இனித்தது, மற்றதெல்லாம் பயமாக இருந்தது. நீயோ அங்கிருந்து "ம்மா, ஹைவேஸ்ல அந்தக் கண்ணாடி ஹோட்டல்லயே டேபிள் புக் பண்ணிடறேன், காசு நான் அனுப்பறேன்" என்கிறாய். உன் முதல் சம்பளத்தில் எங்களை அதே ஹோட்டலுக்குத்தானே கூட்டிப்போனாய்? என்னென்னவோ பேர் சொல்லி மேசை நிறைய வரவழைத்தாய். உன் அப்பா கடைசியில் தயிர்சாதம் கிடைக்குமா என்று கேட்டார், சர்வர் சிரித்தான். பாதிக்கு மேல் மீந்துபோனதைப் பார்க்க மனசு வராமல் உன் அப்பா அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டு இரண்டு நாள் சோடா குடித்துக்கொண்டு கிடந்தார். நீ சந்தோஷமாக இருந்தாய் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கண்ணு. மற்றவர்களைச் சாப்பிடக் கூட்டிப்போகும்போது நமக்கு எது பெருமை என்று பார்க்காதே. அவர்கள் கூச்சமில்லாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார்களா என்று பார்.

"வீட்டிலேயே சமைத்துப் போட வேண்டியதுதானே" என்று நீ கேட்டாய். உனக்கு லைன், ஷிஃப்ட், ஓ.டி. தவிர என்ன தெரியும்? கை நனைக்கிற விஷயம் இருக்கிறதடா. சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒருத்தர் வீட்டுச் சோற்றில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், பலகாரம்கூட ஒரு விள்ளல் எடுக்கலாம். இலை போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்க முடியாது. நம் பக்கத்திலும் அப்படித்தான், அவர்கள் பக்கத்திலும் அப்படித்தான் என்று முத்துமாரியே சொன்னாள். உன் சித்தியைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை வீட்டார் நண்பகல் வரை உட்கார்ந்து பேசிவிட்டு, சமைத்து வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டும் முன்னாலேயே எங்கள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். வாயால் யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை, பார்த்துக்கொள். அதனால் சம்பந்தி ஆகாத சம்பந்திக்கு ஹோட்டல்தான் வழி. அது யார் வீடும் இல்லை.

எந்த ஹோட்டல்? அதுதான் தலைவலி. பெரிய இடத்துக்குக் கூட்டிப்போனால் "ஊதாரிக் குடும்பம், நம்ம பொண்ணு இங்க எப்படிப் பொழைப்பா" என்று நினைப்பார். கையேந்தி பவனில் நிறுத்தினால் "நம்மள இவ்வளவுதான் மதிச்சாங்க" என்று நினைப்பார். உன் அப்பாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஒவ்வொரு மெஸ்ஸாக ஏறி இறங்கினேன். "இன்னாடி இது, பொண்ணு பாக்கப் போற மாதிரி சாம்பார் பாக்கப் போறோம்" என்று அவர் வழி முழுக்கப் புலம்பினார். ஒரு இடத்தில் ரசம் வெறும் வெந்நீர். ஒரு இடத்தில் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. கடைசியில் உங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே, பச்சை ஷட்டர் போட்ட வசந்தாவின் மெஸ். சுத்தமான மேசை, இலைச் சாப்பாடு, கூட்டு பொரியல் கேட்கக் கேட்க வைக்கிறாள், விலையும் கண்ணைக் குத்தவில்லை. சாம்பாரில் மட்டும் உப்பு பத்தவில்லை. நான் சும்மா இருப்பேனா? அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஞாயித்துக்கெழம எனக்கு முக்கியமான விருந்தாளிங்க வராங்க, இப்படிக் கை நடுங்கிப் போட்டீன்னா என் மானம் போயிடும்" என்றேன். அவளும் விடவில்லை, "எங்க கம்பெனிப் பசங்களுக்கு இந்த உப்பு போதும்க்கா, உங்களுக்கு வோணும்னா மேச மேல கீது பாரு" என்றாள். கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை போட்டோம். அந்தச் சத்தத்தில் நான் ஞாயிறு என்று சொன்னது அவள் காதில் ஏறவில்லை, அவள் பேச்சில் ஞாயிறு என்ற வார்த்தை வராதது என் புத்தியிலும் ஏறவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேசி முடிகிற வரை நீ அங்கே வரக்கூடாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டதால் முத்துமாரி ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். உன் அப்பா தாம்பரம் ஸ்டேஷனுக்கு டாக்ஸி அனுப்பியிருந்தார். டாக்ஸிக்காரன் அங்கே நின்றுகொண்டு "யாரும் வரல சார்" என்று போன் செய்கிற நேரத்தில், இங்கே வாசலில் "வீட்ல இருக்கீகளா?" என்று குரல். பஸ் மாறி மாறி நம் மண்ணூர் வரை வந்து, ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்துவிட்டார்கள்! அவர் கையில் மஞ்சள் பை, அந்த அம்மா கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. "எதுக்கு டாக்ஸியெல்லாம், பஸ்ஸு வாசல்ல வருதுல்ல" என்றார். உன் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. காபி குடித்தார்கள். அதிரசத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார்கள். அவர் உன் அப்பாவை சார் என்றார், அந்த அம்மா என்னை "ஏங்க" என்றாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் ஒட்டவும் இல்லை. பிள்ளைகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கம்பெனியைக் காட்டிவிட்டு எதிரே சாப்பாடு, எல்லாம் நான் போட்ட கணக்குப்படி நடக்கிறது என்று நினைத்தேன்.

பஸ்ஸில்தான் போனோம், அவர் வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் கம்பெனியை வெகுநேரம் பார்த்தார். செக்யூரிட்டி ஒருத்தனைத் தவிர ஈ காக்காய் இல்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லையடா! "வாங்க, சாப்பிடலாம்" என்று ரோட்டைத் தாண்டி வந்தால், பச்சை ஷட்டர் தரையோடு தரையாக இறங்கியிருக்கிறது. உன் அப்பா குனிந்து பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடி, மூடிக்கினு கீது?" என்றார். கம்பெனிக்கு வார லீவு என்றால் மெஸ்ஸுக்கும் லீவு. ஷிஃப்ட் இல்லை என்றால் இந்த ரோட்டில் யாருக்கு உலை வைப்பார்கள்? இத்தனை வருஷம் இங்கேயே குடியிருக்கிறேன். உன் வார லீவைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டில் கறி எடுக்கிறேன். இந்தப் பாழாய்ப்போன புத்திக்கு அது தோன்றவில்லை. அந்த வரிசையில் இருந்த எல்லா ஷட்டரும் மூடித்தான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த அம்மா தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

திறந்திருந்தது ஒரே ஒரு இடம்தான். ரோட்டோரத்தில் புதிதாக வந்திருக்கிறதே, ஏ.சி. போட்ட பெரிய ஹோட்டல். உன் அப்பா நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் அங்கே நடக்க ஆரம்பித்துவிட்டார். வாசலில் ஒருத்தன் சல்யூட் அடித்தான். உள்ளே குளிர். கனமான ஒரு மெனு கார்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். முத்துமாரியின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தார், அப்புறம் மூடி வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல சார். நீங்க சாப்புடுங்க" என்றார். அந்த அம்மாவும் "எனக்கும் வேண்டாம்ங்க" என்றாள். விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கினவர்களுக்குப் பசிக்காதா? உன் அப்பா "அட, நம்ம பையன் சம்பாரிக்கிறான் சார், கவலப்படாதீங்க" என்று சொல்லித் தொலைத்தார். முத்துமாரியின் அப்பா முகம் அவள் சொன்ன மாதிரியே சுண்டிப் போயிற்று. நான் எழுந்துவிட்டேன். "எனக்கும் இங்க வேணாம், வாங்க போலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பஸ் ஸ்டாப் பழையபடி அந்தப் பச்சை ஷட்டருக்குப் பக்கத்தில்தான். அங்கே வந்து நின்றதும் அவர் சொன்னார்: "நாங்க இப்படியே கெளம்புதோம் சார். ஊருக்குப் போயித் தகவல் சொல்லுதோம்." கண்ணு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணம் பேசின எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். உன் முகம்தான் கண் முன்னால் வந்தது. ஒரு சாப்பாட்டு விஷயத்தில் என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று மனசுக்குள் அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஷட்டர் பாதி உயர்ந்தது. வசந்தா! மெஸ்ஸுக்குப் பின்கட்டில்தான் அவள் குடியிருக்கிறாளாம். பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "யக்கா, நீ உப்புச் சண்ட போட்ட அக்காதானே? இன்னிக்கு லீவாச்சே, வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "இவங்கதான் அந்த விருந்தாளிங்களா? வாங்க, உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க. அடுப்பு மூட்டல, சோறு கெடையாது. ஃபேன் காத்தாவது வாங்கிக்கினு போங்க." குனிந்து உள்ளே போனோம். தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் முத்துமாரியின் அப்பாவிடம் நேராகப் பேச ஆரம்பித்தாள். எனக்கோ அவள் வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. "ஐயா, இந்த அக்கா இருக்குதே, உங்களுக்காக இந்த ரோட்ல ஒரு மெஸ்ஸு விடல. எல்லா எடத்துலயும் சாப்பிட்டுப் பாத்துட்டு எங்கிட்ட வந்து சண்ட. 'வர்றவங்க கூச்சப்படாம, வெலயப் பாத்துப் பயப்படாம, வவுறு ரொம்பச் சாப்பிடணும்டி, பெரிய எடத்துல அது நடக்காது'ன்னு சொல்லிச்சு. நான்கூட யாரோ அமெரிக்காக்காரங்கன்னு நெனச்சிக்கினேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொன்னது உண்மைதான், ஆனால் அவர் காதில் விழுவதற்காகச் சொன்னது இல்லையே! அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். என்னைப் பார்த்தார். கைகழுவுகிற இடத்தைப் பார்த்தார். பிறகு வசந்தாவிடம், "எல இருக்காம்மா?" என்று கேட்டார். "எல நேத்து வாங்கினது கீது ஐயா." "நாலு எல போடு." அந்த அம்மா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். அவள் மேசைமேல் தூக்கை வைத்து மூடியைத் திறந்தாள். நல்லெண்ணெய் வாசனை மெஸ் முழுக்கப் பரவியது. திரும்பிப் போகும்போது ரயிலில் சாப்பிட, அவள் தன் வீட்டு அடுப்பில் கிளறிக் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு. தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். நாலு இலையிலும் பரிமாறினாள்.

எனக்குக் கை நகரவில்லை. இது ஹோட்டல் சோறு இல்லை, அவர்கள் வீட்டுச் சோறு. இதில் நாங்கள் கை வைத்தால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் போடச் சொன்னாரா, பசித்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்து போடச் சொன்னாரா? உன் அப்பாவுக்கு இந்தக் கவலையே இல்லை. உட்கார்ந்தார், பிசைந்தார், அள்ளி வாயில் போட்டார். "அடேயப்பா! இன்னாமா கீது!" என்றார். முத்துமாரியின் அப்பா அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். "என்ன மச்சான், கைய நனைச்சிட்டீகளே! இனி எம்மகள வேண்டாம்னு சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க." உன் அப்பா வாயில் சோற்றோடு என்னைப் பார்க்கிறார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எனக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். அந்த அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி வைத்து, "அழுதுக்கிட்டே சாப்புடாதீக மதினி, பொரையேறும்" என்றாள். மதினி! அவர்கள் ஊரில் நாத்தனாரை, அண்ணன் மனைவியை, சம்பந்தியைக் கூப்பிடுகிற முறை அது. காலையிலிருந்து "ஏங்க" என்றவள். நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் கண்ணு, மூன்று தடவை. வசந்தாவுக்கும் ஒரு இலை போட்டோம். அவள் சாப்பிட்டுவிட்டு என் காதில், "உப்பு சரியா கீதுக்கா, இங்கயும் சண்ட போட்ராத" என்றாள்.

இதில் உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவரைக் கஞ்சன் என்று நீ ஒருநாளும் நினைத்துவிடாதே. தனக்கென்று அவர் ஒன்றும் ஒளித்துக்கொள்ளவில்லை. இருந்த ஒரே வேளைச் சோற்றை நாலு இலையில் போட்டவர் அவர். நீ அந்த வீட்டுக்குப் போகும்போது விலையுயர்ந்த பரிசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதே. பஸ்ஸில் போ. இலையில் எதையும் மீதி வைக்காதே. அவர் பழைய கண்டக்டர் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால் போனை நோண்டாமல் கேள். முத்துமாரி சிக்கனம் பிடித்தால் கோபப்படாதே, நீ கொஞ்சம் ஓட்டைக் கை, உனக்கு அது வேண்டும்தான். அப்புறம், பேசி முடிவானது தெரிந்ததும் அவள் எனக்குப் போன் செய்து அழுதாள். நானும் அழுதேன். உன் அப்பா இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது, நான் சொன்னதாகச் சொல்லாதே.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு விஷயம் மண்டையில் உதித்தது. தூக்கு காலி. அவர்கள் ரயிலில் எதைச் சாப்பிடுவார்கள்? ஸ்டேஷனில் வாங்கிச் சாப்பிடுகிற ஆட்களா அவர்கள்? எல்லோரையும் வீட்டுக்கு இழுத்து வந்தேன். அந்த அம்மா என் அடுப்படியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள், நான் அவசர அவசரமாக எலுமிச்சஞ்சோறு கிளறி அதே தூக்கில் அழுத்தி நிரப்பினேன். உன் அப்பா ஸ்டேஷனுக்கு டாக்ஸி என்று வாயெடுத்தார், "மச்சான், பஸ்ஸு இருக்குல்ல" என்று அவர் அடக்கிவிட்டார். உன் அப்பாவும் கூடவே பஸ்ஸில் தாம்பரம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். டிக்கெட்டை யார் எடுப்பது என்று இரண்டு பேரும் வழி முழுக்கச் சண்டையாம்.

ரயில் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும், போன் வந்தது. எடுத்ததும் என் நெஞ்சு ஒருமுறை திக்கென்றது, மனசு மாறிவிட்டார்களோ என்று. பின்னால் ரயில் சத்தம். அந்த அம்மா வாயில் சோற்றோடு பேசினாள்.

"மதினி, நாங்களும் கைய நனைச்சாச்சு. சோறு நல்லாருக்கு. உப்புதான் ஒரு கல்லு கொறச்சல்."

இப்படிக்கு,
உப்புப் போடத் தெரியாத
உன் அம்மா